சார்ள்ஸ் டிக்கின்ஸும் கதைத் திட்டமும்

கதை எழுதப் புகுமொருவர் அதன் போக்கை முன்னரே வகுத்துக்கொள்ளல் வேண்டுமா, அன்றி எழுதிச் செல்லுங்கால் கதை தானே தன் வழியைக் காட்டுமா என்னும் வினா எழுத்துலகில் நெடுங்காலமாக நிலவுவதாகும். இவ்வினாவுக்குத் தம் வாழ்நாளினாலேயே விடை பகர்ந்தவர் ஆங்கில நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கின்ஸ் ஆவர். அவருடைய நாவல்களை வகுப்பறையிற் கற்றோர் நம்முட் பலர். அவற்றின் பின்னே நின்ற உழைப்பு விளங்குமாறு அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

டிக்கின்ஸ் 1812ஆம் ஆண்டு பெப்ருவரி 7ஆந் திகதி இங்கிலாந்தின் போட்ஸ்மத் நகரிற் பிறந்தார். தந்தையார் கடற்படைச் சம்பளக் கந்தோரில் எழுதுவினைஞர். வரவறிந்து செலவு செய்யாதவர். 1824இல் அவர் கடனுக்காக இலண்டன் மாஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். அவ்வாண்டிலே, 12 வயதுச் சிறுவனாகிய சார்ள்ஸ் சப்பாத்து மை செய்யுந் தொழிற்சாலையில் மைச் சாடிகளுக்குப் பெயர்த்தாள் ஒட்டும் வேலையில் அமர்த்தப்பட்டார். அந்நாளைய துன்பத்தைத் தம் பிள்ளைகளுக்கும் அவர் கூறினாரல்லர். பின்னர்ச் சட்டத்தரணியொருவரின் கந்தோரிற் பணிபுரிந்து, சுருக்கெழுத்துக் கற்று, பாராளுமன்ற நிருபராயினார்.

1836இல், அவர் 24 வயதினராயிருந்தபோது, சப்மன், ஹோல் என்னும் பதிப்பாளர் அவரை அணுகினர். றொபேட் சீமோர் என்னும் ஓவியர் வரையும் வேடிக்கைப் படங்களுக்கு ஏற்ற வாசகம் எழுதுவதே அவர்கள் வேண்டிய பணி. படத்துக்காகக் கதை என்பதை மாற்றிக் கதைக்காகப் படம் என்னும் நிலையை டிக்கின்ஸ் உண்டாக்கினார். இரண்டாம் இதழ் வெளிவருமுன் சீமோர் இறந்துபட, முழுப் பொறுப்பும் இளைஞர் மேலாயிற்று. பிக்விக் கதைக்கு முன்வகுத்த திட்டம் யாதுமில்லை. ஆயினும், நான்காம் இதழில் சாம் வெல்லர் என்னும் வேலைக்காரன் தோன்றியபின் அதன் புகழ் வளர்ந்தது. தொடக்கத்திற் சில நூறாயிருந்த விற்பனை ஈற்றில் 40,000 பிரதிகளை எட்டிற்று. திட்டமின்றியும் வெல்லலாம் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆனால், அவ்வழியின் குறையும் விரைவிற் புலனாயிற்று. 1840இற் சிறுகதையாகத் தொடங்கிய 'பழம்பொருட் கடை' நாவலாக வளர்ந்தபோது, கதையைத் தம் வாயாற் கூறிவந்த முதியவருக்கு அதில் இடமில்லாது போயிற்று. மூன்றாம் அதிகார இறுதியில் அவர் விடைபெற்றுச் செல்கிறார். 'மார்ட்டின் சசில்விற்' வெளிவருங் காலத்தில் விற்பனை குன்றவே, கதைத் தலைவன் திடீரென அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டான். மாதந்தோறும் 32 பக்கங்கள் ஒரு சிலிங் விலைக்கு விற்பனையாயின. முடிவு எழுதப்படுமுன் தொடக்கம் வாசகர் கையை அடைந்துவிடும். அச்சேறியதை மீட்டுத் திருத்துதல் எங்ஙனம் இயலும்?

1846இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் 'டொம்பியும் மகனும்' எழுதத் தொடங்கியபோது டிக்கின்ஸ் தம் முறையை மாற்றினார். கதையின் போக்கை விரித்து நண்பர் ஜோன் போஸ்டருக்கு மடல் வரைந்தார். ஒவ்வோரிதழுக்கும் ஒரு தாளெடுத்து, அதனை இரு கூறாக்கினார். வலப்புறத்தில் அதிகாரங்களும் அவற்றின் பொருளும் இடம்பெற்றன. இடப்புறத்திலோ தம்மைத் தாமே வினாவிய வினாக்கள். இப்பாத்திரம் இப்போது வரலாமா, இம்மறை இங்கு வெளிப்படலாமா என வினாவி, ஆம் என்றும், இல்லை என்றும், இன்னும் இல்லை என்றும் தாமே விடை குறித்துள்ளார். இத்தாள்கள் இலண்டன் விக்ரோறியா அல்பேட் நூதனசாலையிற் பேணப்படுகின்றன.

எனினும், அவர் திட்டத்துக்கு அடிமையானாரல்லர். டொம்பிக் கதையில் வால்ற்றர் என்னும் நல்லிளைஞன் படிப்படியாகக் கெட்டழிவதாகக் காட்ட முதலில் எண்ணியிருந்தார். பின் அவ்வெண்ணத்தைக் கைவிட்டு அவனை நல்லவனாகவே வாழவைத்தார். 1861இல் முற்றுப்பெற்ற 'பெரும் எதிர்பார்ப்புகள்' நாவலின் முடிவையும் நண்பரொருவர் ஆலோசனைப்படி, அச்சேறுமுன் மாற்றியெழுதினார். வழி தெரிந்தவனே வழிமாறிச் செல்லவுந் துணிவான் என்பது இதனால் விளங்கும்.

1865ஆம் ஆண்டு யூன் 9ஆந் திகதி அவர் பயணஞ் செய்த புகையிரதம் ஸ்ரேப்பிள்ஹேர்ஸ்ற் என்னும் ஊரருகே பாலத்தில் விபத்துக்குள்ளாயிற்று. காயமுற்றோருக்கு உதவியபின், தொங்கிக்கொண்டிருந்த பெட்டிக்குள் மீண்டும் ஏறித் தம் கையெழுத்துப் பிரதியை எடுத்து வந்தார். சரியாக 5 ஆண்டுகள் கழிந்து, 1870ஆம் ஆண்டு அதே நாளில், கேட்ஸ் ஹில் இல்லத்தில் உயிர்நீத்தார். 'எட்வின் டுரூட்டின் மர்மம்' என்னும் அவருடைய இறுதி நாவல் 12 இதழ்களில் நிறைவுற வேண்டியது. 6 இதழ்களுக்கே அவர் எழுதிவைத்தார். நெருங்கியோரிடம் வாய்மொழியாகச் சில கூறியிருந்தாராயினும், முடிவைத் தெளிவாகக் காட்டுங் குறிப்பு அவர் விட்டுச்சென்ற தாள்களில் இல்லை. அம்மர்மத்தை விடுவிக்க அன்றுதொட்டு எத்தனையோ பேர் முயன்றனர். உறுதியாகக் கூறவல்லார் ஒருவருமில்லை.

திட்டமின்றித் தொடங்கிய இளைஞரும், தாளெடுத்துத் திட்டம் வகுத்த முதியவரும் ஒருவரே. முன்னவருக்குத் துணிவு துணைநின்றது; பின்னவருக்குப் பொறுப்பு வழிகாட்டிற்று. சிறுகதை வரையும் நம் மாணவர் துணிவுடன் தொடங்குக. நெடுங்கதை வரையப் புகுவோர் ஒரு தாளை இரு கூறாக்கி வைத்துக்கொள்க. அத்தாளில் விடைகளினும் வினாக்களே மிகுந்திருத்தல் நன்று என்பதே அப்பெரியார் வாழ்க்கையினின்றும் நாம் கற்கும் பாடமாகும்.