சிறாருக்கு எழுதிய சானே குருஜி

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அண்ணல் அம்பேத்கர், மகாத்மா பூலே, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரின் வரலாறுகள் இடம்பெறுவது இயல்பு. மராத்திய நாட்டில் பிராமணக் குடும்பம் ஒன்றில் பிறந்து, சிறுவர்களுக்காகக் கதைகள் எழுதிய ஒருவரின் வரலாறு இங்கு எதற்கு என்று நம் இளைஞர்கள் வினவக்கூடும். அவ்வினா முறையானதே. நம்மவர் அல்லாத ஒருவரை நாம் போற்றப் புகும்போது, அவர் நமக்காகப் பேசியதை மட்டும் கொண்டு போற்றுதல் கூடாது. தம் எழுத்துக்கு ஒப்ப அவர் நடந்தாரா என்பதையும் அளந்து பார்த்தல் வேண்டும். அவ்வாறு அளந்து பார்க்கத் தகுதியுடையவர் சானே குருஜி என்பது நம் துணிபு.

பிறப்பும் இளமையும்

பாண்டுரங்க சதாசிவ சானே என்பது அவர்தம் இயற்பெயர். 1899ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், கொங்கணக் கரையில் உள்ள இரத்தினகிரி மாவட்டத்துப் பால்கட் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் சதாசிவராவ், தாயார் யசோதாபாய். ஊரில் நிலவரி தண்டும் உரிமை பெற்ற 'கோத்' குடும்பம் அது. ஆயினும் பாண்டுரங்கர் வளரும் பருவத்தில் அச்செல்வம் கரைந்து, கடனும் வறுமையும் வீட்டில் குடிபுகுந்தன.

தபோலியிலும், அவுந்து சமஸ்தானத்திலும், பின்னர்ப் பூனாவிலும் அவர் கல்வி பயின்றார். கையில் பொருளின்றி, நாளுக்கொரு வீடாக முறைவைத்து உண்டு படிக்கும் ஏழை மாணவராக அவர் காலம் கழித்தார். 1917இல் தாயார் மறைந்தபோது அவர் அருகில் இல்லை. அத்துயரம் அவர் நெஞ்சில் ஆறாத புண்ணாக நிலைத்தது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்வதற்கில்லை. அண்ணல் அம்பேத்கரின் முன்னோர் வாழ்ந்த அம்படவே கிராமமும் அதே இரத்தினகிரி மாவட்டத்தில்தான் உள்ளது. சாதாராப் பள்ளியில் அச்சிறுவர் தாம் கொண்டுவந்த சாக்குத் துணியின்மீது தனியே அமர்ந்து படித்தார்; பள்ளி ஏவலாள் நீர் வார்த்தால் அன்றி அவருக்குத் தாகம் தணிக்க வழியில்லை. ஏழைப் பிராமண மாணவனுக்கு முறைவைத்துச் சோறிடும் வீடுகள் பூனாவில் இருந்தன. மகார் குலத்து மாணவனை அவ்வீடுகளின் வாயிற்படி ஏறவும் விடார். வறுமை வேறு, தீண்டாமை வேறு என்பதை நம் இளைஞர்கள் இதனால் தெளிதல் வேண்டும். சானே அவர்கள் பட்ட துன்பம் மெய்யானதே. எனினும் அத்துன்பத்திலும் அவருக்குத் திறந்த கதவுகள் இருந்தன. பிற்காலத்தில் அதனை அவர் மறக்கவில்லை என்பதே அவர்தம் சிறப்பு.

விடுதியில் தாயாக நின்ற ஆசிரியர்

தத்துவத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற அவர், விரும்பியிருந்தால் உயர்ந்த பதவிகளை நாடியிருக்கலாம். அவரோ காந்தேசப் பகுதியில் உள்ள அமளநேர் என்னும் ஊரில், பிரதாப் உயர்நிலைப் பள்ளியில் 1924இல் ஆசிரியராக அமர்ந்து ஆறு ஆண்டுகள் பணியாற்றினார். மாணவர் விடுதியின் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

விடுதிப் பிள்ளைகளின் படுக்கைகளை மடித்து வைப்பதும், அழுக்குத் துணிகளைத் துவைப்பதும், நோயுற்ற பிள்ளைக்குப் பணிவிடை செய்வதும் அவருக்கு நாள்தோறும் நடந்த வேலைகள். இரவில் பிள்ளைகள் உறங்கிய பின் அமர்ந்து, அவர்களுக்கெனக் கையெழுத்து நாளிதழ் ஒன்றை எழுதி, விடியலில் அவர்கள் கண்ணில் படுமாறு வைப்பார். 1928இல் 'வித்யார்த்தி' என்னும் மாத இதழையும் தொடங்கினார். பின்னாளில் மராத்திய நாடே படித்து உருகிய எழுத்துக்கு நாற்றங்காலாக இருந்தது இவ்விடுதியே. யாருக்காக எழுதுகிறோம், அவர்கள் எதற்கு அஞ்சுவர், எதற்கு ஏங்குவர் என்பனவற்றை அவர் அங்கேதான் கற்றார். வீட்டைப் பிரிந்து வந்த சிறுவனின் மனம் அவருக்கு ஏட்டறிவு அன்று. நேரில் கண்டு தேற்றிய மனம்.

சிறையும் எழுத்தும்

1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் எழுந்தபோது, அவர் ஆசிரியப் பணியைத் துறந்து அறப்போரில் இறங்கினார். துலே சிறையில் அடைக்கப்பட்டு, பின்னர் நம் திருச்சிராப்பள்ளிச் சிறைக்கு மாற்றப்பட்டார். தமிழ் மண்ணுக்கு அவர் கைதியாகத்தான் வந்தார். ஆயினும் அச்சிறைவாசத்தை வீணாக்காமல், உடனிருந்தோரிடம் தமிழ் பயின்றார். திருக்குறளை மராத்தியில் மொழிபெயர்க்கும் அளவுக்கு அப்பயிற்சி வளர்ந்தது. இந்திய மக்கள் ஒருவர் மொழியை மற்றவர் கல்லாமையால் ஒருவரையொருவர் அறியாது வாழ்கின்றனர் என்ற கவலை அவருள்ளத்தில் வேர்கொண்டதும் இக்காலத்திலேயே.

1932இல் மீண்டும் சிறை. துலே சிறையில் வினோபா பாவே அவர்கள் ஞாயிறுதோறும் கீதையைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகளை, உடனிருந்து விரைந்து எழுதிக்கொண்டவர் சானே அவர்களே. அக்குறிப்புகளே பின்னர்ப் புகழ்பெற்ற நூலாயின. அதன்பின் அவர் நாசிக் சிறைக்கு மாற்றப்பட்டார். அங்கே 1933 பிப்ரவரி 9ஆம் நாள் தொடங்கி 13ஆம் நாள் வரை, ஐந்தே நாள்களில், தமது தலைசிறந்த நூலின் பெரும்பகுதியை எழுதி முடித்தார். பகலில் சிறை வேலை, எஞ்சிய பொழுதெல்லாம் எழுத்து. 1935இல் 'ஷியாமின் தாய்' எனப் பொருள்படும் 'ஷியாம்ச்சீ ஆயீ' அச்சேறியது.

ஷியாமின் தாய்

ஆசிரமம் ஒன்றில் வாழும் ஷியாம் என்பவன், இரவுதோறும் தன் நண்பர்களிடம் தன் தாயைப் பற்றிக் கூறும் 42 இரவுகளின் கதையே அந்நூல். ஷியாம் என்பது சானே அவர்களே; தாய் யசோதாபாயே. கடுஞ்சொல் வேண்டிய இடத்தில் கடிந்தும், அன்பு வேண்டிய இடத்தில் அணைத்தும் பிள்ளையை வளர்க்கும் ஏழைத் தாயின் வாழ்வு அதில் விரிகின்றது. நீந்த அஞ்சி ஒளிந்த மகனை அடித்து விரட்டி நீந்தக் கற்பிக்கின்றாள்; கால் அழுக்காகாமல் காக்கின்ற நீ மனம் அழுக்காகாமலும் காத்துக்கொள் என்று உணர்த்துகின்றாள். மராத்தி பேசும் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இந்நூல் படிக்கப்பட்டு வருகின்றது. பி. கே. அத்ரே அவர்கள் 1953இல் இதனைத் திரைப்படமாக்கினார். சிறந்த படத்துக்கான குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தை முதன்முதலாகப் பெற்ற படம் அதுவே.

இந்நூலில் நாம் ஊன்றிப் படிக்க வேண்டிய இரவு ஒன்றுண்டு. மகார் குலத்து மூதாட்டி ஒருத்தியின் விறகுக்கட்டு தலையிலிருந்து கீழே விழுந்துவிடுகின்றது. தூக்கிவிடத் தீண்டுவார் எவரும் இல்லை. அதனைக் கண்ட தாய், ஷியாமை அனுப்பிக் கட்டைத் தூக்கிவிடச் செய்கின்றாள். பின்னர்க் குளித்துவிடுமாறு கூறுகின்றாள். கடவுளுக்கு எல்லோரும் பிரியமானவர்கள் என்பதே அவ்வத்தியாயத்தின் கருத்து.

மேல்சாதி வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் இதனைப் படித்துக் கண்கலங்கினர். அவ்வகையில் நன்மையே விளைந்தது. ஆனால், நாம் படிக்கும்போது நம் கண் அந்தக் குளியலில் சென்று தைக்கின்றது. கட்டைத் தூக்கிய கை இரக்கம் உடையது; எனினும் அந்தக் கை மீண்டும் நீரில் கழுவப்படுகின்றது. மூதாட்டி தன் சுமையோடு நடந்து போகின்றாள். அவள் வீட்டில் அன்றிரவு அடுப்பு எரிந்ததா, அவளுக்கும் ஒரு ஷியாம் இருந்தானா என்று கதை கேட்கவில்லை. ஆசிரியர் அக்குளியலை மறைக்காமல் எழுதியதற்கு நாம் நன்றி கூறுவோம். அக்கால நல்லோரின் எல்லை எது என்பதை அது நமக்கு அளந்து காட்டுகின்றது.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. இந்நூல் எழுதப்பட்ட அதே நாசிக் நகரில்தான், 1930 மார்ச் 2ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டம் தொடங்கிற்று. தாதாசாகேப் கெய்க்வாட் முதலியோர் முன்னின்று நடத்திய அப்போராட்டத்தில், நம் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு ஆண்டுக்கணக்கில் அடிபட்டனர். கதவு திறக்கவில்லை. கல்வியும் அரசியல் உரிமையுமே இனி நம் வழி என்று அண்ணல் முடிவுகண்டு, 1935இல் இயோலா மாநாட்டில் இந்துவாக இறக்கப் போவதில்லை என அறிவித்தார். ஆகவே, கதவைத் தட்டும் கடமை உள்ளே இருந்தவர்கள்மீது வீழ்ந்தது. அதனைத் தம் கடமையாக ஏற்றவர் மிகச் சிலரே.

பண்டரிபுரம்

சானே அவர்கள் எழுத்தோடு நின்றுவிடவில்லை. 1936இல் பைஸ்பூரில் முதன்முதலாகக் கிராமம் ஒன்றில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது ஊர் ஊராகச் சென்று உழைத்தார். 1938இல் 'காங்கிரஸ்' என்னும் வார இதழை நடத்தினார். உழவர், ஆலைத் தொழிலாளர் இயக்கங்களிலும், 1942ஆம் ஆண்டுப் போராட்டத்திலும் பங்குகொண்டு பலமுறை சிறை புகுந்தார். அதற்கிடையே நாவல்கள், சிறுவர் கதைகள், பாடல்கள், 'பாரதீய சம்ஸ்கிருதி' போன்ற கட்டுரை நூல்கள், மொழிபெயர்ப்புகள் என எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களைத் தந்தார். அவர் எழுத்தில் கண்ணீர் மிகுதி என்று குறை கூறிய திறனாய்வாளர் உண்டு. அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், அந்தக் கண்ணீர் செயலாக மாறிய இடம் பண்டரிபுரம்.

மராத்திய பக்தர்களின் தலைமைத் தலம் அது. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மகார் குலத்துத் திருத்தொண்டர் சோகாமேளர், விட்டலனைப் பாடிப் பாடியே உருகியவர். எனினும், அவர் சமாதி கோயிலின் வெளியே, வாயிற்படியின் அருகில்தான் அமைந்துள்ளது. பாடல் உள்ளே ஒலித்தது. பாடியவர் வழிவந்த மக்கள் வெளியே நின்றனர்.

இக்கோயில் எல்லோருக்கும் திறக்கப்பட வேண்டும் எனச் சானே அவர்கள் உறுதி பூண்டார். தோழர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி, முதலில் சில மாதங்கள் மகாராட்டிரம் எங்கும் சுற்றுப்பயணம் செய்து மக்கள் மனத்தை மாற்ற முயன்றார். பல ஊர்களில் கோயில்களும் கிணறுகளும் திறக்கப்பட்டன. பண்டரிபுரத்துக் கதவு மட்டும் அசையவில்லை. 1947 மே முதல் நாள், பண்டரிபுரத்தில் தன்புரே மகாராஜ் மடத்தில் அவர் உண்ணாநோன்பைத் தொடங்கினார். ஏறத்தாழ பத்து நாள்கள் நோன்பு நீடித்தது. வைதிகர்களின் வசைக்கு ஆளானார், உடல் தளர்ந்தார், உறுதி தளரவில்லை. கோயிலார் இணங்கிய பின்னரே நோன்பு முடிந்தது. அதே ஆண்டில் பம்பாய் மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டமும் நிறைவேறியது.

பாண்டுரங்கன் என்பது அக்கோயிலின் இறைவன் பெயர். அதுவே சானே அவர்களின் பெயரும் ஆகும். விறகுக்கட்டைத் தூக்கிவிட்டுக் குளிக்கப் போன சிறுவன், நாற்பது வயதைக் கடந்து, அந்தக் குளியலை வேண்டாதவனாய்த் தம் உயிரையே பணயம் வைத்து வாயிலில் அமர்ந்தான். 'ஷியாமின் தாய்' சொல்லாமல் விட்ட கடைசி இரவு அதுவே என்று நாம் கருதுகின்றோம்.

கோயிலில் நுழைவதால் நம் பசியும் இழிவும் தீர்ந்துவிடா என்ற அண்ணலின் கருத்தில் நமக்கு மாற்றமில்லை. தீண்டாமையைச் சட்டப்படி ஒழித்தது அவர் வகுத்தளித்த அரசியலமைப்பின் 17ஆம் விதியே. ஆயினும், தம் இனத்தாரின் பகையைத் தேடிக்கொண்டு அநீதியை எதிர்த்தவரை மதியாதிருப்பது நமக்கு அழகன்று.

இறுதி ஆண்டுகள்

1948 ஜனவரியில் காந்தியடிகள் கொலையுண்டது அவரைப் பெரிதும் வாட்டியது. 21 நாள் உண்ணாநோன்பு மேற்கொண்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் 'சாதனா' வார இதழைத் தொடங்கினார். இன்றளவும் அது வெளிவருகின்றது. தம் தம்பி மகள் சுதாவுக்கு எழுதிய கடிதங்களாக, பூவும் விண்மீனும் நாட்டு நடப்பும் கலந்து அவர் எழுதியவை சிறாருக்கு விருந்தாயின. திருச்சிச் சிறையில் முளைத்த எண்ணமாகிய 'ஆந்தர்பாரதி'யை, பல மொழியினர் கூடிப் பயிலும் அமைப்பாக்கவும் முயன்றார்.

ஆனால், விடுதலை பெற்ற நாட்டின் போக்கு அவர் உள்ளத்தைச் சோர்வுக்கு உள்ளாக்கியது. 1950 ஜூன் 11ஆம் நாள், 50ஆம் வயதில், தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். அம்முடிவை நாம் போற்றுவதற்கில்லை. பிறர் துயரை எல்லாம் சுமந்தவர், தம் துயரை இறக்கிவைக்கத் தோள் தேடாமல் போனாரே என்று வருந்துகின்றோம். மனச்சோர்வு வந்தால் பெற்றோரிடமும் தோழரிடமும் வாய்விட்டுச் சொல்லுதல் வேண்டும் என்பதை நம் பிள்ளைகளுக்கு இவ்விடத்தில் அன்புடன் சொல்லிவைக்கின்றோம்.

நம் இளைஞர்களுக்கு

விறகு சுமந்த அம்மூதாட்டியின் பக்கத்துக் கதையை, அவள் வழிவந்த மக்கள் பின்னாளில் தாங்களே எழுதினர். பாபுராவ் பாகுல் அவர்களின் சிறுகதைகளும், 1978இல் வெளியான தயா பவார் அவர்களின் 'பலுதா' என்னும் தன்வரலாறும் மராத்தி இலக்கியத்தைப் புரட்டிப்போட்டன. ஒருவர் நம்மீது இரங்கி எழுதுவதற்கும், நாம் நம்மை எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்நூல்கள் விளக்கும்.

நம் சங்கத்தின் உதவியால் படித்து ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் உயர்ந்த உறுப்பினர்களை நாம் வேண்டுவது இதுவே. நம் பிள்ளைகளுக்குக் கதை எழுதுங்கள். கூலிக்குச் சென்று நம்மைப் படிக்கவைத்த நம் தாய்மாரின் வாழ்வு, 42 இரவுகள் சொன்னாலும் தீராது. எழுத நேரமில்லை என்போர், சிறை வேலைக்கு இடையே ஐந்து நாள்களில் எழுதியவரை எண்ணிப் பாருங்கள். எழுத வராது என்போர், விடுதிப் பிள்ளைகளுக்காகக் கையெழுத்து ஏடு எழுதியவரை எண்ணிப் பாருங்கள். நம் மாணவர் விடுதியிலும் அத்தகைய கையெழுத்து ஏடு ஒன்று இவ்விழா ஆண்டிலேயே தொடங்கப்படுமாயின், சானே குருஜியை நாம் நினைவுகூர்ந்தது பயனுடையதாகும்.