எங்கே என்று கேட்ட மனிதர்

1852 ஆகஸ்டில் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே ஒரு கப்பல் தீப்பற்றியது. அமேசான் காடுகளில் நான்கு ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்தவற்றில் பெரும்பகுதி சாம்பலாவதைச் சிறு படகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். பத்து நாள்களுக்குப் பிறகே அவர் மீட்கப்பட்டார்.

1823-இல் வேல்ஸில் பிறந்த வாலஸ், வறுமையால் 14 வயதிலேயே பள்ளியை விட்டவர். டார்வினுக்கு வாய்த்த குடும்பச் செல்வம் இவருக்கு இல்லை. பறவைகளையும் பூச்சிகளையும் பிடித்துப் பதப்படுத்தி, அவற்றை விற்றே வாழ்ந்தார்.

அமேசானில் அவர் கற்ற பாடம் தீயில் எரியவில்லை. பேராற்றின் ஒரு கரையில் வாழும் குரங்கினம் மறுகரையில் காணப்படவில்லை. அருங்காட்சியகச் சீட்டுகளிலோ அமேசான் என்று பொதுவாக மட்டுமே எழுதியிருந்தார்கள். எந்தக் கரை என்பதே முக்கியம் என்பதை வாலஸ் உணர்ந்தார்.

1854-இல் மீண்டும் புறப்பட்டு, எட்டு ஆண்டுகள் மலாய்த் தீவுகளில் அலைந்தார். சரவாக்கைச் சேர்ந்த அலி என்ற இளைஞர் பல ஆண்டுகள் உடனிருந்து உதவினார். 1,25,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. இம்முறை எந்தத் தீவில் கிடைத்தது என்பதைக் கவனமாகக் குறித்துவைத்தார்.

பாலிக்கும் லோம்போக்குக்கும் இடையே இருப்பது குறுகிய நீரிணைதான். தட்பவெப்பமும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் பாலியில் ஆசியாவின் குக்குறுவான்களைக் கண்டவர், லோம்போக்கில் ஆஸ்திரேலியப் பக்கத்துக் காக்கட்டூக்களைக் கண்டார். சூழலுக்கு ஏற்ப உயிர்கள் அந்தந்த இடத்தில் தனித்தனியே படைக்கப்பட்டன என்றால் இந்த வேறுபாடு ஏன்? கடல்மட்டம் தாழ்ந்த காலங்களில் பாலி ஆசியாவோடு இணைந்திருந்தது. ஆழமான அந்த நீரிணை மட்டும் வற்றவில்லை. இரு கரைகளிலும் உயிர்கள் வெவ்வேறு முன்னோரிடமிருந்து கிளைத்தன.

1858-இல் காய்ச்சலில் கிடந்தபோது, இயற்கைத் தேர்வு என்னும் கருத்து அவருக்குத் தோன்றியது. அதை எழுதி டார்வினுக்கு அனுப்பினார். இருபது ஆண்டுகளாக அதே கருத்தைத் தம்மிடம் வைத்திருந்த டார்வின் திகைத்தார். அவ்வாண்டு ஜூலை 1 அன்று இருவரின் எழுத்துகளும் லண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசிக்கப்பட்டன. தொலைவில் இருந்த வாலஸிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. அவரும் குறைபட்டுக்கொள்ளவில்லை, 1889-இல் வெளியிட்ட தம் நூலுக்கு டார்வினியம் என்றே பெயரிட்டார்.

1913-இல் 90 வயதில் அவர் மறைந்தார். பரிணாமத்தை வெறும் ஊகம் என்று ஒதுக்குவோர் இன்றும் உண்டு. பாறையில் பதிந்த எலும்புகள் மட்டும் அதற்குச் சான்றல்ல. எங்கே கிடைத்தது என்று ஓர் ஏழைச் சேகரிப்பாளர் எழுதிவைத்த சின்னஞ்சிறு சீட்டுகளும் சான்றுதான்.