ஸ்பிரிங் எங்கே இருக்கு? (ஜான் பிரௌனிங்கின் கதை)

மயிலாப்பூர்ல எங்க தாத்தா வாஞ்சிநாதன் கதையை ஆரம்பிச்சார்னா மணியாச்சி ஜங்ஷன், 1911 ஜூன் 17, கலெக்டர் ஆஷ் எல்லாம் வரிசையா வரும். துப்பாக்கிக்கு மட்டும் ஒரே வார்த்தைதான்: பெல்ஜியம் பிரௌனிங். அது ஒரு மனுஷனோட பேருன்னு, மெஷின் டிசைன் பேப்பருக்கு ஸ்பிரிங் படிக்கும்போதுதான் எனக்குத் தெரிஞ்சது.

ஜான் மோசஸ் பிரௌனிங் 1855-ல் அமெரிக்காவின் யூட்டா பகுதியில், ஆக்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஜோனதன் துப்பாக்கிப் பட்டறை வைத்திருந்தார். மகனுக்கு அதுதான் காலேஜ். அரியர் கவலை இல்லாத ஆள்! 24 வயதில், 1879-ல், ஒற்றைத் தோட்டா ரைஃபிள் ஒன்றுக்கு முதல் காப்புரிமை வாங்கினார். வாழ்நாள் முழுக்க 128 காப்புரிமைகள்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம் அடுத்து வருவது. ஒருநாள் ரைஃபிள் சுடும்போது, குழலிலிருந்து பீறிட்ட வாயு எதிரே இருந்த புற்களைச் சாய்ப்பதைக் கவனித்தார். அதை எல்லோரும்தான் பார்த்திருப்பாங்க. இவர் மட்டும், இவ்வளவு சக்தி வீணாகிறதே என்று யோசித்தார். துளை போட்ட இரும்புத் துண்டைக் குழல் முன்னால் வைத்துச் சுட்டுப் பார்த்தார். இரும்பு பறந்தது. அந்தச் சக்தியையே வைத்து அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்ற முடியும் என்று புரிந்தது.

1897-ல் பெல்ஜியத்தின் எஃப்என் கம்பெனியோடு ஒப்பந்தம். அங்கிருந்து வந்த பிஸ்டல்களைத் தூரத்தில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனா முன்பக்கம் பார்த்தாலே பிரிச்சிடலாம். ஸ்பிரிங் எங்கே என்று தேடினால் போதும்.

1900 மாடலில் ஸ்பிரிங் குழலுக்கு மேலே. அதனால் தோட்டா வெளிவரும் துளை கீழே தெரியும். அந்த ஒரே ஸ்பிரிங், ஸ்லைடைத் திருப்பித் தள்ளும் வேலையையும் தோட்டாவை அடிக்கும் வேலையையும் சேர்த்துச் செய்தது. 1903-ல் ஸ்பிரிங் குழலுக்குக் கீழே போய்விட்டது, துளை மேலே. 1910-ல் ஸ்பிரிங்கைக் குழலைச் சுற்றியே மாட்டிவிட்டார். பிஸ்டல் ஒல்லியானது, வாயில் ஒரே வளையம். கைப்பிடியை அழுத்திப் பிடித்தால்தான் சுடும் என்ற பாதுகாப்பும் அதில் உண்டு.

பிறகு யூகோஸ்லாவிய ராணுவத்துக்கு நீளமான குழல் தேவைப்பட்டது. புது ஸ்லைடு செய்தால் செலவு. பழைய ஸ்லைடின் முன்னால் ஒரு நீட்டிப்பைத் திருகி மாட்டினார்கள், கைப்பிடியையும் நீட்டி 7 தோட்டா இடத்தை 9 ஆக்கினார்கள். அதுதான் 1922 மாடல். நம்ம புராஜெக்ட்ல பட்ஜெட் பத்தாம ஒட்டுப்போடுவோமே, கிட்டத்தட்ட அதேதான்.

இந்த வித்தியாசத்தை யார் பார்க்கப்போறாங்க? 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட துப்பாக்கி 1900 மாடல் என்று பல புத்தகங்களில் அச்சாகிவிட்டது. உண்மையில் அது 1910 மாடல், 9 எம்எம் குட்டைத் தோட்டாவுக்கானது, வரிசை எண் 19074. முதல் உலகப் போருக்குத் தீ மூட்டிய பொருளையே மாற்றி எழுதியிருக்கோம். வாஞ்சி கதையிலும் வெறும் பிரௌனிங் என்று சொல்லித் தாண்டும்போது எனக்கு உறுத்துவது இதுதான்.

வேட்டைக்கும் ராணுவத்துக்கும் துப்பாக்கி செய்து கொடுத்த மனுஷன், தன் பேர் மணியாச்சி பிளாட்பாரத்தில் உச்சரிக்கப்படும் என்று நினைத்திருக்கவே மாட்டார். 1926 நவம்பர் 26 அன்று, பெல்ஜியத்தின் லியேஜில், அதே எஃப்என் தொழிற்சாலையில் மாரடைப்பால் இறந்தார். வேலை பாதியில் நின்ற கடைசிப் பிஸ்டலை டியூடோனே செவ் என்பவர் முடித்தார். 1935-ல் வெளிவந்த அந்த 9 எம்எம் பிஸ்டலின் வடிவத்தைத்தான் வங்காளத்தின் இஷாப்பூர் ஆலை நம்ம ராணுவத்துக்கும் போலீஸுக்கும் செய்து கொடுத்தது. அதில் ஸ்பிரிங் குழலுக்குக் கீழே.