21 வயதில் காசநோய்க்குப் பலியான டாக்டர் ஆனந்திபாய்: இன்றைய நுண்துளை சிகிச்சைக்கும் அந்த நோய்க்கும் என்ன தொடர்பு?

நுரையீரல் சுருங்கிப்போனால், இன்று நெஞ்சில் சின்னத் துளைகள் போட்டு, கேமராவில் பார்த்துக்கொண்டே காற்றுக் கசியும் இடத்தை அடைத்துவிடுகிறார்கள். இந்த முறையின் வேர் காசநோயில் இருக்குன்னு தெரியுமா? அதே நோய்தான் புனேயில் ஆனந்திபாய் ஜோஷியின் உயிரைப் பறித்தது.

1865-ல் பிறந்தவர். 9 வயதில் திருமணம். 14 வயதில் பெற்ற குழந்தை, சரியான மருத்துவம் கிடைக்காமல் 10 நாளில் இறந்தது. டாக்டராகியே தீருவது என்று 1883-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 1886-ல் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். கோலாப்பூர் மருத்துவமனையில் வேலையும் தயாராக இருந்தது. ஆனால் நோயோடு ஊர் திரும்பியவர், 1887 பிப்ரவரி 26-ல் புனேயில் இறந்தார்.

அப்போது எக்ஸ்ரேகூட கிடையாது. 1910-ல்தான் ஸ்வீடன் டாக்டர் ஜேக்கோபியஸ், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை நெஞ்சுக்குள் விட்டுப் பார்த்தார். காசநோய் பாதித்த நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்க, டாக்டர்களே நெஞ்சுக்குள் காற்றை ஏற்றி அதைச் சுருக்கிய காலம் அது. சுருங்க விடாமல் ஒட்டியிருந்த சவ்வுகளை அறுக்க அந்தக் குழாய் உதவியது. சுருக்குவதற்குப் பயன்பட்ட அதே வழி, இன்று சுருங்கியதை விரிக்கிறது.

காசநோய்க்கு இப்போது பெரும்பாலும் மாத்திரையே போதும். அரசு மருத்துவமனைகளில் இலவசம். இருமல் 2 வாரத்தைத் தாண்டினால், சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீங்க.