சுவர் சொன்ன ரகசியம்

செஞ்சிப் பக்கத்துச் சீயமங்கலத்தில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையில் குடைந்த குகைக் கோயில் இருக்கிறது. இத்தகைய கல் மண்டபங்களில் குரல் கொடுத்தால், அது சுவரில் மோதித் திரும்பி வரும்.

திரும்பி வரும் ஒலி எந்த வழியே வருகிறது? இந்தக் கேள்வியோடு ஊர் ஊராகப் போனார் ஒரு தமிழர்.

அவர்தான் சர் சி. வி. ராமன்!

1888-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர அய்யர் கல்லூரி ஆசிரியர். ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1907-ல் எம்.ஏ. தேறினார். அதே ஆண்டு நிதி இலாகாவில் பெரிய உத்தியோகம் கிடைத்தது. மனைவி லோகசுந்தரியுடன் கல்கத்தா சென்றார்.

உத்தியோகத்தை உதறினார்

பகலில் ஆபீஸ் கணக்கு. காலையிலும் மாலையிலும் ஆராய்ச்சி. இப்படியே பத்து ஆண்டுகள் உழைத்தார்.

1917-ல் கல்கத்தா பல்கலைக் கழகம் பேராசிரியர் பதவி தந்தது. சம்பளமோ பாதியளவுக்குக் குறையும்! ராமன் தயங்கவில்லை. சர்க்கார் வேலையை விட்டார்.

முணுமுணுக்கும் மாடம்

1921-ல் லண்டன் போனார். அங்கே செயின்ட் பால் தேவாலயத்தின் வட்ட மாடத்தில் சுவரோரம் முணுமுணுத்தால், 100 அடிக்கு அப்பால் எதிர்ப்புறத்தில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். ஒலி, வளைந்த சுவரை ஒட்டியே ஊர்ந்து போவதுதான் காரணம். ராமன் சோதித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஒலி ஓரிடத்தில் வலுக்கிறது. அடுத்த இடத்தில் மங்குகிறது!

இந்தியாவில் பீஜப்பூர் கோல்கும்பாஸையும் ஆராய்ந்தார். அது சுல்தான் முகமது அடில் ஷாவின் சமாதி. செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது அவர் படைதான்!

அந்த லண்டன் பயணத்தில் கண்ட கடலின் நீலம் ராமனை ஒளி ஆராய்ச்சியில் இறக்கியது. 1930-ல் நோபல் பரிசு வந்தது. 1970 நவம்பர் 21-ந் தேதி பெங்களூரில் காலமானார்.

இன்றைய உலோக அறை

இன்று மின் கருவிகளை உலோக அறையில் வைத்து, ரேடியோ அலைகளைப் பாய்ச்சிச் சோதிக்கிறார்கள். அங்கேயும் அதே சிக்கல்தான். அறை ஒழுங்கான வடிவில் இருந்தால், அலை சில பாதைகளிலேயே ஓடும். சில இடங்களில் மங்கிவிடும். கருவி அங்கே இருந்தால் அதன் குறை தெரியாமலே போகும். விமானக் கருவியானால் என்ன ஆகும்?

ஆகவே அறைக்குள் பெரிய உலோகத் தகடுகளைச் சுழல விடுகிறார்கள். சுவரில் அரைக்கோள மேடுகள் பொருத்தியும் பார்க்கிறார்கள். அலை தாறுமாறாகச் சிதறி, எல்லா மூலைக்கும் ஏறக்குறைய சமமாகப் போய்ச் சேருகிறது.

மாடத்தில் ஒழுங்கு அதிசயம் காட்டியது. சோதனை அறையிலோ தாறுமாறுதான் காவல்!