பள்ளியை விட்டார், படிப்பை விடவில்லை

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

கற்றவர் அனைவரும் மேதையர் ஆவதில்லை. மேதையர் அனைவரும் கல்லூரியில் கற்றவரும் அல்லர். இந்த உண்மைக்குத் தமிழகத்தில் சான்று தேடுவோர் முதலில் சொல்லும் பெயர் கோவை தந்த விஞ்ஞானி ஜி.டி. நாயுடு என்பதாகும். மன்னர்களையும் போர்களையும் ஒப்பந்தங்களையும் படிக்கும் வரலாற்று மாணவனுக்கு ஓர் இயந்திர மேதையிடம் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

நான் பிறந்த மல்லாங்கிணறு, விருதுநகரிலிருந்து காரியாபட்டி செல்லும் சாலையில் உள்ள கரிசல் பூமி. வானம் பொய்த்தால் வயிறு காயும் ஊர். பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சிவகாசிப் பக்கம் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் அச்சகத்துக்கும் வேலைக்குப் போகும் தம்பிமார் எங்கள் பகுதியில் உண்டு. ஏனடா படிப்பை விட்டாய் என்று கேட்டால், ஜி.டி. நாயுடு என்ன படித்தார் என்று திருப்பிக் கேட்டுவிட்டுச் சிரித்தபடி போய்விடுவார்கள். கேள்வி நியாயமானதுதானா? அவர் வாழ்க்கையையே புரட்டிப் பார்த்து விடை காண முயன்றதன் விளைவே இக்கட்டுரை.

இளமையும் இயந்திர மோகமும்

கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில், உழவுத் தொழில் செய்த கோபால்சாமி நாயுடுவின் மகனாக, 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் பிறந்தார் துரைசாமி. தாயை இளமையிலேயே இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. தொடக்கக் கல்வியோடு பள்ளிக்கு விடை கொடுத்துவிட்டார். எங்கள் தம்பிமாருக்குத் தெரிந்த கதை இதுவரையில்தான். உண்மையான கதையோ இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஒரு நாள் வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். குதிரையும் இல்லாமல் மாடும் இல்லாமல் ஓடிய அந்த வண்டி துரைசாமியின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டுவிட்டது. அதை வேடிக்கை பார்த்தவர் பலர் இருந்திருப்பர். ஆனால் அது எப்படி ஓடுகிறது என்று அறிந்தே தீருவது எனப் புறப்பட்டவர் அவர் ஒருவரே. கோவைக்குச் சென்றார். உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்தார். காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்து அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர்வலம் போகவில்லை. அக்கக்காகக் கழற்றிப் போட்டார். ஒவ்வொரு உறுப்பும் எதற்காக இருக்கிறது என்று பார்த்தார், மறுபடியும் பூட்டினார். அவருடைய பாடநூலும் தேர்வுக்கூடமும் அதுதான். வண்டி மறுபடி ஓடினால் தேர்ச்சி. ஓடாவிட்டால் மீண்டும் முதல் பாடம்!

வீழ்ச்சியும் எழுச்சியும்

பின்னர்ப் பருத்தித் தொழிலில் இறங்கிப் பெரும் பொருள் ஈட்டினார். பம்பாய்ப் பருத்தி வாணிகத்தில் அதை இழக்கவும் செய்தார். ஆனால் இயந்திரத்தைப் பற்றிய அறிவு கையில் இருந்தது. அதை எந்தச் சந்தையும் பறிக்க முடியாதல்லவா? கோவைத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பேருந்து வாங்கினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தாமே ஓட்டினார். முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே. அந்த ஒற்றைப் பேருந்திலிருந்து வளர்ந்ததுதான் யு.எம்.எஸ். எனப்பட்ட யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ். சில ஆண்டுகளில் நாட்டின் தலைசிறந்த பேருந்து நிறுவனங்களில் ஒன்றாக அது பெயர் பெற்றது.

பழுது காணும் கலை

இங்கே ஒரு சிறு விளக்கம் தேவை. இயந்திர அறிவு என்றால் என்ன? ஸ்பேனர் பிடிக்கத் தெரிவதா? கெட்டுப்போன பொருளை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டுவதா? இரண்டும் அல்ல என்பதை எங்கள் ஊரிலேயே நான் கண்டேன்.

என் மாமாவிடம் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று இருக்கிறது. 1960-களில் சென்னையில் தயாரான வண்டி. இங்கிலாந்தில் இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-இல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கினார்கள். அந்த வகையில் மாமாவின் கார் ஒரு பந்தயக் குதிரைக்கு அண்ணன் முறை! ஓர் ஐப்பசி மழையில் அதன் வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. தட்டினால் கொஞ்சம் நகரும், மறுபடி நிற்கும். பட்டறை ஒன்றில் காட்டியபோது, மோட்டார் சுடுகிறது, ஆகவே மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். பழைய வண்டிக்கு மோட்டாருக்கு எங்கே போவது?

மாமா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தித் தாமே பார்க்கத் தொடங்கினார். நான் உடனிருந்தேன். விளக்கும் ஹாரனும் ஒழுங்காக வேலை செய்தன. ஆகவே பேட்டரி மேல் குற்றமில்லை. மோட்டாருக்கு வரும் ஒயரில் சோதனை விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஆகவே ப்யூஸ், ஸ்விட்ச் மேலும் குற்றமில்லை. எர்த் ஒயரின் முனையைச் சுரண்டித் துடைத்துப் பார்த்தார், மாற்றமில்லை. அந்த வண்டியில் மோட்டார் ஓரிடத்தில் இருக்கும்; வைப்பர் கைகள் வேறிடத்தில் இருக்கும். இடையே ஒரு குழாய்க்குள் பல் வைத்த கம்பி ஒன்று முன்னும் பின்னும் ஓடி இரண்டு சிறு பற்சக்கரங்களைத் திருப்பும். அந்தக் கம்பியை மோட்டாரிலிருந்து பிரித்துவிட்டு ஸ்விட்சைப் போட்டார். மோட்டார் விர்ரென்று சுற்றியது! குற்றவாளி மோட்டார் அன்று. கம்பியைக் கையால் இழுத்தால் நகர மறுத்தது. குழாய்க்குள் பல்லாண்டுக் கிரீஸ் கரிசல் தூசியோடு கலந்து மெழுகாக இறுகிக் கிடந்தது. வைப்பர் கை பூட்டும் தண்டு ஒன்று துருப்பிடித்து இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, துருவை நீக்கி, புதுக் கிரீஸ் தடவிப் பூட்டியதும் வைப்பர் ஓடியது. புது மோட்டார் மாட்டியிருந்தாலும் அதே இறுக்கத்தை இழுத்து அதுவும் சுட்டிருக்கும்.

மோட்டார் ஏன் சுட்டது என்பதை நம் கல்லூரி இயற்பியல் மாணவ நண்பர் எனக்கு விளக்கினார். சுழலும் மோட்டார் தனக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கிக் கொள்ளும். சுழற்சி தடைபட்டால் அது குறையும், மின்னோட்டம் பெருகும், வெப்பம் ஏறும். அதாவது சூடு விளைவு; இறுக்கமே காரணம். 1857 எழுச்சிக்குக் கொழுப்புத் தடவிய தோட்டாக்கள் உடனடிக் காரணம், அடிப்படைக் காரணங்கள் வேறு என்று நாம் வகுப்பில் எழுதுகிறோம் அல்லவா? அதே பாடத்தைத்தான் வைப்பரும் சொல்கிறது.

ஜி.டி. நாயுடு மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் போட்டுக் கற்றது இந்த அறிவைத்தான். எதையும் ஊகத்தால் குற்றம் சாட்டாமல், ஒவ்வொன்றாகச் சோதித்து, குற்றமற்றதை விலக்கி, குற்றமுள்ளதைக் கண்டுபிடிப்பது. மாமாவின் கையும் நண்பரின் புத்தகமும் சேர்ந்தபோதுதான் எனக்கு அது முழுமையாக விளங்கியது.

படைப்புகளும் தடைகளும்

இத்தகைய மனம் ஓரிடத்தில் நிற்குமா? ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்றார். கண்டதையெல்லாம் கருத்தில் வாங்கினார். உலர் மின்கலத்தால் ஓடும் சிறு மோட்டார் கொண்ட சவரக் கருவி, மிக மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் ஓடும் விசிறி, தில்லுமுல்லு செய்ய முடியாத வாக்குப்பதிவுக் கருவி என அவர் படைத்தவை பல. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே உருவான முதல் மின் மோட்டாரைக் கோவையில் வெளிக்கொணர்ந்தார். இன்று கொங்கு நாட்டின் மோட்டார்களும் பம்புகளும் நம் கரிசல் கிணறுகளில் நீர் இறைக்கின்றன என்றால் அந்த மரபின் தொடக்கத்தில் அவர் நிற்கிறார்.

1952-இல் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றைச் சுமார் 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். அரசின் உரிமம் கிடைக்கவில்லை. அந்தக் கார் தெருவுக்கு வராமலே நின்றுபோயிற்று. புதுமைக்கு முதலில் கிடைப்பது மறுப்புத்தான் போலும்! கார் கண்ணாடியைத் துடைக்கும் கருவிக்கு 1903-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி, 1905-இல் கனடா நிறுவனம் ஒன்றிடம் அதை விற்க முயன்றார். வணிகப் பயன் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். 1920-இல் காப்புரிமைக் காலம் முடிந்தது. பின்னாளில் வைப்பர் கார்களின் வழக்கமான உறுப்பாயிற்று. அவருக்கு அதனால் ஒரு காசும் கிடைக்கவில்லை. கோவையில் நின்றுபோன காருக்கு அந்தத் தாமதமான வெற்றிகூட வாய்க்கவில்லை என்பதே நம் வருத்தம்.

பள்ளியை விட்டவர் கட்டிய கல்லூரி

இனி நம் தம்பிமாரின் கேள்விக்கு வருவோம். பள்ளிப் படிப்பு தேவையில்லை என்று எண்ணியவராக இருந்தால், ஈட்டிய பொருளை ஜி.டி. நாயுடு எதில் போட்டிருப்பார்? 1944-இல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகியபோது ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகையும் தொழிலாளர்களுக்கு நலத்திட்டங்களும் அறிவித்தார். அவருடைய நன்கொடையால் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிலையங்கள் எழுந்தன. இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் வேர் அங்கேதான் இருக்கிறது. தொடக்கப் பள்ளியைத் தாண்டாத அவரே அதன் முதல்வராகவும் இருந்தார்! நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பு மாணவரின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டு ஆண்டே போதும் என்பது அவர் கொள்கை. ஆட்சியாளர்கள் ஏற்கவில்லை, அவர் பதவி விலகினார்.

இரண்டு ஆண்டு போதும் என்ற அவர் கருத்தில் எனக்கு முழு உடன்பாடில்லை. கை பழுதைக் காணும். ஏன் பழுதாயிற்று என்பதற்கு ஏடும் வேண்டும், அதற்குக் காலமும் வேண்டும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அவர் சண்டையிட்டது கல்வியோடு அன்று. கை படாத கல்வியோடுதான். பள்ளியை விட்டவர் படிப்பை ஒரு நாளும் விடவில்லை. ஆகவே அவர் பெயரைச் சொல்லிப் படிப்பை நிறுத்தும் தம்பி, அவர் வாழ்க்கையின் முதல் பக்கத்தை மட்டும் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறான். அந்தத் தம்பியைப் பார்த்து நகைக்கும் உரிமை நமக்கும் இல்லை. வறுமை என்னும் அடிப்படைக் காரணத்தைக் காணாமல், சோம்பேறி என்று அவனைக் குற்றம் சாட்டுவது, மோட்டார் சுடுகிறது என்று மோட்டாரை மாற்றச் சொல்வதைப் போன்றதே.

1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் ஜி.டி. நாயுடு மறைந்தார். கோவை அவினாசி சாலையில் அவர் பெயர் தாங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய கார்களுக்கென்றே ஒரு காட்சியகமும் 2015-இல் அங்கே திறக்கப்பட்டது. கல்விச் சுற்றுலா செல்லும்போது மலைகளையும் கடற்கரைகளையும் போல இவற்றையும் பட்டியலில் சேர்க்குமாறு பேராசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன்.

நண்பர்களே! கலைக் கல்லூரி மாணவர்களாகிய நமக்குக் கழற்றிப் பார்க்க இயந்திரம் இல்லாமல் இருக்கலாம். கழற்றிப் பார்க்க வேண்டிய பழக்கங்களும் நம்பிக்கைகளும் தீர்ப்புகளும் ஏராளம் இருக்கின்றன. விடுமுறைக்கு ஊர் செல்லும் நாம் ஒவ்வொருவரும், படிப்பை நிறுத்திய ஒரு தம்பியிடமாவது ஜி.டி. நாயுடுவின் முழுக் கதையையும் சொல்வோம். மறுபடி படிக்க அவனுக்கு என்ன தடை என்று பொறுமையாகக் கேட்போம். பட்டம் வாங்கிய பின் செய்யலாம் என்று தள்ளிப் போடாமல், வரும் விடுமுறையிலேயே தொடங்குவோம்!