ஆல்பிரட் சாட்டர்டன்

சர் ஆல்பிரட் சாட்டர்டன் (1866 - 1958) சென்னை மாகாணத்திலும் மைசூர் சமஸ்தானத்திலும் பணியாற்றிய ஆங்கிலேயப் பொறியாளரும் தொழில்துறை ஆய்வாளரும் ஆவார். எந்தத் தொழில் எங்கே நிலைக்கும், அதில் எவ்வளவு முதல் போடலாம், விளைபொருளை வாங்குவோர் யார் என்பனவற்றை அறிக்கையாக எழுதியதோடு நில்லாமல், அரசுச் செலவில் பட்டறைகளையும் ஆலைகளையும் நடத்திச் சோதித்துப் பார்த்தவர். அலுமினியப் பாத்திரத் தொழில், குரோம் தோல் பதனிடுதல், எண்ணெய் எந்திர இறைவைப் பாசனம் ஆகியவை தென்னிந்தியாவில் வேரூன்றியதில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. சேலத்தில் இவர் நடத்திய நெசவாலைச் சோதனை, வெற்றிகளைவிட அதிகம் விவாதிக்கப்பட்டது.

தொடக்கப் பணி

இலண்டனில் பொறியியல் பயின்ற சாட்டர்டன், 1888இல் சென்னைப் பொறியியற் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தார். இக்கல்லூரியே பின்னர் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக அறியப்பட்டது. 1890களின் பிற்பகுதியில் சென்னைக் கலைப் பள்ளியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. அங்கே 1898இல் அலுமினியப் பாத்திரங்கள் செய்யத் தொடங்கினார்.

இதன் பின்னணியில் இருந்த கணக்கு எளிமையானது. மின்பகுப்பு முறை 1886இல் கண்டுபிடிக்கப்பட்ட பின் உலகச் சந்தையில் அலுமினியத்தின் விலை வெகுவாக இறங்கியிருந்தது. பித்தளை, செம்புப் பாத்திரங்களுக்கு அவ்வப்போது ஈயம் பூச வேண்டும். அலுமினியத்துக்கு அது தேவையில்லை, எடையும் குறைவு. கன்னார்கள் ஏற்கெனவே அறிந்திருந்த அடிப்பு வேலையைச் சிறிது மாற்றினால் போதும். புதிய உலோகம், பழைய கைத்திறன், ஒவ்வொரு வீட்டிலும் உள்ள தேவை ஆகிய மூன்றும் ஒன்றுகூடின. தொழில் இலாபம் காட்டியவுடன், 1903இல் அது இந்திய அலுமினியக் கம்பெனி என்ற தனியார் நிறுவனத்திடம் விற்கப்பட்டது. அரசு முதலில் நட்டத்துக்கான இடரை ஏற்று, வழி தெரிந்த பின் தனியாருக்கு விட்டு விலகுவதே சாட்டர்டன் முறையின் சாரம்.

தோலும் இறைவையும்

சேலம், நாமக்கல் பகுதிகளின் மேட்டு நிலங்களில் அக்காலத்தில் கிணற்றுப் பாசனம் கவலையையே நம்பியிருந்தது. எருதுகள் இழுக்கும் சாலோடு பிணைந்த தோற்பை ஓயாமல் நீரில் நனைந்து, விரைவில் இற்றுப்போகும். பட்டை கொண்டு பதனிட்ட தோலைவிட குரோம் உப்பினால் பதனிட்ட தோல் நீரைத் தாங்கும் என்பதால், கவலைத் தோலையே அதன் முதல் சந்தையாகச் சாட்டர்டன் தேர்ந்தெடுத்தார். பின்னர் செருப்பு, காலணி வகைகளும் செய்யப்பட்டன. ஐரோப்பியச் சந்தைக்குத் தோல் அனுப்பிவந்த சென்னை வணிகர்கள் உள்நாட்டு உழவரை ஒரு வாடிக்கையாளராக எண்ணிப் பார்க்காத காலம் அது என்பதை நினைவில் கொண்டால் இத்தேர்வின் அருமை விளங்கும். இந்தப் பதனிடும் ஆலை பிற்பாடு ரேவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது.

அதே காலத்தில், கவலைக்கே மாற்றாக எண்ணெய் எந்திரத்தையும் அவர் பரப்பினார். ஆனால் கேட்டவர்க்கெல்லாம் எந்திரம் வாங்கச் சொல்லவில்லை. கிணற்றின் ஊற்று எவ்வளவு, பாயும் நிலம் எவ்வளவு, எருதுகளுக்கு ஆகும் செலவு என்ன என்று அளந்த பின்னரே பரிந்துரைக்கப்பட்டது. ஊற்றுக் குறைந்த கிணற்றில் எந்திரம் வைத்தால் அது பெரும்பகுதி நேரம் சும்மா நிற்கும், போட்ட பணத்துக்கு வட்டி மட்டும் ஓடும்.

சேலம் நெசவாலை

கன்னடத்தில் நெசவாளரைக் குறிக்கும் ஜேடர் என்ற சொல், காவிரிக்கரையில் உள்ள ஜேடர்பாளையத்தின் பெயரிலும் காணப்படுகிறது. இவ்வட்டாரத்தில் நெசவு பரவலான பிழைப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்காஷயர் துணி அதன் சந்தையைப் பெரிதும் பறித்துக்கொண்டது. பிற்பாடு பம்பாய் ஆலைகளும் சேர்ந்துகொண்டன. எஞ்சிய நெசவாளர் பலர் நூலும் முன்பணமும் தரும் வணிகரிடம் கடன்பட்டிருந்தனர்.

கைத்தறி அழியத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு விடை காணச் சாட்டர்டன் 1906இல் சேலத்தில் அரசு நெசவாலையைத் தொடங்கினார். இதில் நீராவி விசை இல்லை, கைத்தறிகளே. கையால் எறியும் நாடாவுக்குப் பதில் கயிற்றை இழுத்து ஓட்டும் நாடா பொருத்தப்பட்டது. இதனால் ஒரு நெசவாளர் ஒரு நாளில் நெய்யும் அளவு கூடியது. ஒரே கூரையின் கீழ் மேற்பார்வையோடு நெய்தால் கடனிலிருந்தும் விடுபடலாம், துணியும் மலிவாகும் என்பது எதிர்பார்ப்பு.

தறி வென்றது, ஆலை தோற்றது. நெசவாளர்கள் குறித்த நேரத்துக்கு வந்து போகும் ஒழுங்கை விரும்பவில்லை. வருகை சீராக இல்லை. வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் தார் சுற்றுவர், பாவோடுவர். அந்த உழைப்பும் துணியின் விலையில் அடங்கும். ஆலையிலோ ஆண் ஒருவரின் கூலி மட்டுமே கிடைத்தது. நெசவாளர் வீட்டில் குடும்பத்தோடு வேலை செய்வதையே விரும்புகிறார் என்பதைச் சாட்டர்டனே பதிவு செய்துள்ளார். இதைச் சோம்பல் என்று எழுதியவர்களும் உண்டு. அது பொருந்தாது, நெசவாளர் தம் வீட்டுக் கணக்கைச் சரியாகவே போட்டிருந்தார். நூல் விலையையும் தறியின் வேகத்தையும் அளந்த ஆய்வில் இந்தக் கணக்கு தொடக்கத்தில் இடம்பெறவில்லை. பிந்தைய பத்தாண்டுகளில் கயிற்று நாடா சென்னை மாகாண வீட்டுத் தறிகளில் பரவலாயிற்று. பிற்காலத்தில் பள்ளிபாளையம் வட்டாரத்தில் பெருகிய விசைத்தறிகளிலும் ஏராளமானவை வீடுகளை ஒட்டிய சிறு கூடங்களிலேயே அமைந்தன என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

மோர்லியின் ஆணை

1908இல் உதகமண்டலத்தில் கூடிய தொழில் மாநாட்டின் பரிந்துரைப்படி, தொழில்துறைக்குத் தனி இயக்குநரகம் அமைந்தது. சாட்டர்டன் அதன் இயக்குநரானார். அரசு வணிகத்தில் போட்டியிடுவதாக ஐரோப்பிய வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். இந்தியாவுக்கான அமைச்சர் மோர்லி 1910இல், புதிய முறைகளைக் கற்பிப்பது வரை அரசு செல்லலாம், அதற்கு மேல் தனியாருக்கே விட்டுவிட வேண்டும் என்று ஆணையிட்டார். சேலம் ஆலை மூடப்பட்டது, இயக்குநரகமும் கலைக்கப்பட்டது. சுதேசி இயக்கத்தினர் இதைக் கண்டித்தனர். அந்நிய ஆட்சியின் அதிகாரி ஒருவருக்காக அவர்கள் பேச நேர்ந்தது வியப்புக்குரியது. ஆயினும் உள்ளூர் முதலீட்டாளர் முதல் நட்டத்துக்கு அஞ்சி ஒதுங்கும் நாட்டில், அந்த நட்டத்தை யார் தாங்குவது என்ற கேள்விக்கு ஆணையில் விடை இல்லை. 1914இல் சென்னையில் தொழில்துறை மீண்டும் அமைக்கப்பட்டது.

மைசூரும் பின்னரும்

அதற்குள் சாட்டர்டன் மைசூர் சென்றிருந்தார். விசுவேசுவரய்யா திவானாக இருந்த காலத்தில் அங்கே தொழில், வணிகத் துறையின் இயக்குநராகப் பணியாற்றினார். மைசூர்ச் சந்தன மரத்தின் பெரும்பகுதி செருமனியில் வடிக்கப்பட்டு வந்தது. 1914இல் போர் மூண்டதும் வாங்குவார் இல்லாமல் மரம் தேங்கியது. பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் சோதனைகள் நடத்தப்பட்டு, 1916இல் பெங்களூரில் சந்தன எண்ணெய் ஆலை தொடங்கப்பட்டது.

தாமசு ஆலந்து தலைமையிலான இந்தியத் தொழில் ஆணையத்தில் (1916 - 1918) சாட்டர்டன் உறுப்பினராக இருந்தார். தொழில் வளர்ச்சியில் அரசு நேரடியாக ஈடுபட வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. மதன் மோகன் மாளவியா இதில் தனிக் குறிப்பு எழுதினார். 1922இல் சென்னைச் சட்டமன்றம் தொழில்களுக்கான அரசு உதவிச் சட்டத்தை நிறைவேற்றியது.

சாட்டர்டனுக்கு 1919இல் சர் பட்டம் வழங்கப்பட்டது. இந்தியாவின் தொழில் வளர்ச்சி குறித்து 1912இல் அவர் வெளியிட்ட நூல், அக்காலச் சென்னை மாகாணத் தொழில்களை அறிய இன்றும் பயன்படுகிறது. அவர் 1958இல் காலமானார்.